சுவர்மேல் மேனேஜரம்மா

"வாயில என்ன, மிட்டாயா?"

"மிட்டாய்தான். ஆனா உனக்கு இல்ல, எலிக்கு."

"எங்க, காட்டுங்க."

அவன் நாக்கை நீட்டிக் காட்டினான். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஐந்து ஈயக்குண்டுகள், எச்சிலில் நனைந்து நாக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ! முழுங்கிட்டீங்கன்னா?"

"முழுங்கினா சத்துதான். எங்கப்பா முப்பது வருஷம் இப்படித்தான் வச்சிருந்தாரு. ஒரு கையில கட்டையைப் பிடிக்கணும், இன்னொரு கையில குழலை மடக்கணும். குண்டுக்கு மூணாவது கை எங்க இருக்கு? வாய்தான் நமக்குப் பாக்கெட்."

"சொல்லியிருந்தா இடுப்புல மாட்டிக்கிற மாதிரி ஒரு பை தைச்சுத் தர மாட்டேனா?"

"டீச்சரே, ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இந்த வீட்டு ஆம்பளைங்க யார்கிட்டயும் எதையும் கேட்க மாட்டோம். தண்ணி வேணும்னாலும் நாங்களே போய் மொண்டு குடிச்சுக்குவோம்."

"அப்ப நான் எதுக்கு இங்க?"

"கேக்குறதுக்கு! நீ கேளு, எது கேட்டாலும் செய்றேன். இந்தத் துப்பாக்கிய மட்டும் விடச் சொல்லிடாத."

"சரி, அதைக் கேக்கல. வாயைக் கழுவிட்டு வந்து டீயைக் குடிங்க."

கல்யாணமாகி நான்காம் நாள் காலையில் நடந்த பேச்சு. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறாள் என்று அதற்குள் அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டிருந்தான். எட்டு வருஷமாகிவிட்டது. பையைத் தைத்துத்தான் கொடுத்தாள், நீலத் துணியில், சுருக்குக் கயிறு வைத்து. அது இன்றைக்கும் மில் கதவோரத்து ஆணியில் தொங்குகிறது. அதில் அவன் திருகாணி போட்டு வைத்திருக்கிறான்.

இந்த மழைக்காலத்தில் அவனுடைய வலது கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சிலிருந்து ஒரு வரி மட்டும் அவளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. யார்கிட்டயும் எதையும் கேட்க மாட்டோம்.

வீட்டுக்குப் பின்னால் நீளமான கொல்லை. துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கம்பி. அதைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட மில். மக்காச்சோளத்தை உடைத்து, தவிடும் பிண்ணாக்கும் கலந்து, உப்பு தூவி, மாட்டுத் தீவனமாக மூட்டை கட்டுவார்கள். எட்டு மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கினால் சமையலறை டம்ளர்கள்கூட நடுங்கும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தாலும் சாயங்காலம் தலையணையில் மெல்லிசாக மஞ்சள் பொடி படிந்திருக்கும். வந்த புதிதில் அவள் தினமும் தட்டினாள். இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தட்டுகிறாள்.

தீவனம் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா? அதுவும் மழை பிடித்துவிட்டால் வாய்க்கால் ஓரத்துப் பொந்துகளில் தண்ணீர் ஏறும். எலிகள் குடும்பம் குடும்பமாகக் குடிவந்துவிடும். மருந்து வைக்கிற பேச்சுக்கே இடமில்லை. மருந்து தின்ற எலி குவியலுக்குள் போய்ச் செத்து, சோளத்தோடு சேர்ந்து அரைபட்டு, எந்த வீட்டு மாட்டின் வயிற்றுக்குப் போகும் என்று யார் கண்டது? "நம்ம மில்லுல விஷம்ங்கிற பொருளே உள்ள வரக் கூடாது" என்று தீவனம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் பெருமையாகச் சொல்வான்.

அதனால் துப்பாக்கி. தாத்தா வாங்கிய காற்றுத் துப்பாக்கி. தாத்தா, அப்பா, இப்போது இவன். குண்டுகளையும் வீட்டிலேயேதான் வார்த்தார்கள். ஞாயிறு மதியம் மில்லின் பின்னறையில், காற்றில் அடுப்பு அலையக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பேட்டரித் தகடுகளை இரும்புக் கரண்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவான். "கடைக் குண்டு குடிகாரன் மாதிரி போகும். நம்ம குண்டு வாத்தியார் மாதிரி நேரா போகும்" என்பான். ஞாயிறு சாயங்காலங்களில் அவனுக்கு வயிறு பிடித்து இழுக்கும். பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்று சுருண்டு படுத்துக்கொள்வான்.

காலை ஏழு மணிக்கு, மோட்டார் போடும் முன், தவிட்டு மூட்டைகளுக்கு எதிரே முக்காலியில் உட்காருவான். எலி தலை நீட்டும். டப். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வந்து கொல்லைச் சுவர்மேல் வைப்பான். அதற்குள் தெருமுனைச் செல்போன் கோபுரத்திலிருந்து இரண்டு பருந்துகள் கிளம்பியிருக்கும்.

பெரியது பெண். அதற்கு மேனேஜரம்மா என்று பெயர் வைத்திருந்தான். சிறியது ஆண், கிளார்க்கு. "மேனேஜரம்மா வந்து பார்த்துட்டுப் போனாத்தான் நம்ம மில் ஓடும்" என்பான். மேனேஜரம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எலியையும் பார்க்கும், அவனையும் பார்க்கும், பிறகு ஒரே கொத்தாக அள்ளிக்கொண்டு எழும்பும். கிளார்க்கு மீதி இருந்தால் எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பருந்துகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. குறி தப்பினால் அவை வருவதில்லை. எலிமேல் பட்ட சத்தமும் சுவரில் பட்ட சத்தமும் வேறுவேறாம். அவற்றுக்குத் தெரியுமாம். சமையலறையில் நிற்கிற அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் சத்தம் கேட்ட சற்று நேரத்தில் ஜன்னல் வழியே ஒரு நிழல் அடுப்புமேல் ஓடினால், எலி விழுந்தது என்று அர்த்தம். எட்டு வருஷமாக ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நிழல் ஓடியிருக்கிறது.

மழை தொடங்கிய வாரத்தில் சத்தம் கேட்டது, நிழல் ஓடவில்லை.

அவள் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள். மறுபடியும் சத்தம். நிழல் இல்லை. மூன்றாவதற்கும் இல்லை. நான்காவதற்குத்தான் அடுப்புமேல் இருட்டு ஒரு தரம் வந்து போனது. அவன் உள்ளே வந்தபோது, "இன்னைக்கு எத்தனை?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"நாலு" என்றான், முகத்தைக் கழுவிக்கொண்டே.

அவன் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. அன்றிலிருந்து அவள் கண் அவன் கையைவிட்டு நகரவில்லை. சோற்றைக் கையால் பிசைவதை விட்டுவிட்டு ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தான். சட்டையை ஒதுக்கிவிட்டு, தலைவழியாகப் போடுகிற பனியனாகவே எடுத்துப் போட்டுக்கொண்டான். கேட்டால், புழுக்கம் என்றான், மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் மில்லுக்கு டீ எடுத்துப் போனபோது, துப்பாக்கியை முழங்காலில் வைத்து, மேல் உடம்பின் பாரத்தைப் போட்டுக் குழலை மடக்கிக்கொண்டிருந்தான். வலது மணிக்கட்டு, பூட்டு கழன்ற மாதிரி, கீழே தொங்கியது. அவள் சத்தம் போடாமல் நான்கு அடி பின்னால் போய், செருப்பைத் தேய்த்து நடந்து, மறுபடி வந்தாள். அதற்குள் கையைப் பின்னால் கொண்டுபோயிருந்தான்.

"குடுங்க, நான் மூட்டைத் தையல் போட்டுத் தரேன்" என்றால், "உனக்கு வேற வேலையில்லையா?" என்று எரிந்து விழுந்தான். முன்பெல்லாம் அவன் எரிந்து விழுகிறவன் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் தினமும் அவளை மடியில் உட்கார வைத்து, "பாப்பா, அப்பா விரலைப் பிடி. நல்லா அழுத்து. இன்னும் அழுத்து" என்பான். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தும். "போதுமா அப்பா?" "போதும்டா தங்கம்." விளையாட்டென்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒருநாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். பரீட்சை முடிவு பார்க்கிறவன் முகமாக இருந்தது.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஐம்பத்தைந்து வயது, உரத்த குரல், மில்லுக்கு வந்தால் சும்மா உட்காராமல் சல்லடையைக் கையில் எடுத்துவிடுகிறவள். மழை தொடங்கி இரண்டு மாசம் ஆனபோது, ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு வந்தவளை அவள் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அண்ணி, உங்க தம்பி கையைக் கவனிச்சீங்களா?"

நாத்தனார் ஈரக் குடையை மூலையில் சாய்த்தாள். சாய்த்தது விழுந்தது. மறுபடியும் சாய்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு மாசம். அவரு மறைச்சது எத்தனை நாளோ."

"அப்பாவுக்கும் முதல்ல பொத்தான்தான் போட வரல" என்றாள் நாத்தனார். "சட்டையை மாட்டிக்கிட்டு அப்படியே நிப்பாரு. யாரும் பார்க்காதப்ப உள்ள போய் அவுத்துடுவாரு. அப்புறம் டம்ளர். அப்புறம் ரெண்டு கையும். கடைசி ரெண்டு வருஷம் மூஞ்சில ஈ உக்காந்தா விரட்ட முடியல. 'அம்மா, ஈ'ன்னு என்னைக் கூப்பிடுவாரு. கூப்பிட்டுட்டு அழுவாரு. பதினஞ்சு வயசுல உன் வீட்டுக்காரன் கதவுக்குப் பின்னாடி நின்னு அதைப் பார்த்துக்கிட்டே இருந்தான்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டாம? நரம்பு வியாதின்னாங்க. குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்க. தாத்தாவுக்கு இருந்துச்சுன்னோம். அப்ப பரம்பரைதான், மருந்து கிடையாதுன்னு அனுப்பிட்டாங்க."

"உங்களுக்கு ஒண்ணுமில்லையே அண்ணி?"

"எனக்கென்ன! இப்பவும் ஒரு மூட்டையைத் தனியாத் தூக்குவேன். இது ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்றதும்மா. எங்க அத்தைக்கும் வரல." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "அவன்கிட்ட கேட்டுடாத. கேட்டா உடைஞ்சு போவான். அவனா வந்து சொல்ற வரைக்கும் நாம பார்க்காத மாதிரியே இருப்போம்."

ஆம்பளைங்களுக்கு மட்டும். அவளுக்கு அடுப்பங்கரையில் நின்றபடியே வேறொன்று விளங்கியது. ஒன்றரை வருஷமாக அவன் மகளை நடுவில் போட்டுக்கொண்டு படுக்கிறான். பாப்பாவுக்குத் தம்பியோ தங்கச்சியோ வேண்டாமா என்று அவள் கேட்ட அன்றிலிருந்து. தன்மேல் ஆசை விட்டுப்போய்விட்டது என்று எண்ணி எத்தனை நாள் தலையணையை நனைத்திருக்கிறாள்! அவன் பயந்திருக்கிறான். பிறப்பது பையனாக இருந்துவிட்டால் என்று பயந்திருக்கிறான்.

அன்றைக்கு மாவு பிசையும்போது இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை தூறல். பள்ளி விடுமுறை. மகள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கொல்லையில் தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள். மில்லிலிருந்து சத்தம் கேட்டது. அவள் வழக்கம்போல அடுப்பைப் பார்த்து நின்றாள். நிழல் ஓடவில்லை. பதிலாக, கொல்லையில் ஈரத்துணி மூட்டை விழுந்தாற்போல் தொப்பென்று ஒரு சத்தம்.

"அம்மா! மேனேஜரம்மா கீழ வந்திருக்காங்க!"

அவள் ஓடினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பருந்து உட்கார்ந்திருந்தது. நிற்கவில்லை, வாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மகள் இரண்டடி தூரத்தில், கையை நீட்டியபடி.

"தொடாத! பின்னால வா! வாடீ!"

அந்த அலகு ஒரு எலியை எப்படிப் பிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தையின் கோட்டைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் தள்ளினாள். பருந்து அசையவில்லை. மஞ்சள் கண்ணைத் திறந்து மூடியது. கால் நகங்கள் உள்பக்கமாக மடங்கி, குழந்தை விரலை மூடிக்கொள்கிற மாதிரி இறுகிக் கிடந்தன. பின்னால் தரையெல்லாம் பச்சையாகக் கழிந்திருந்தது. வலது இறக்கை தோளிலிருந்து கழன்றாற்போல் சேற்றில் தொங்கியது.

அவன் மில் வாசலில் வந்து நின்றான். இடது கையில் துப்பாக்கி. கன்னத்தில் குண்டுகள் உப்பிக்கொண்டிருந்தன. பருந்தின் இறக்கையைப் பார்த்தான். அவன் வலது கை, மறைக்க மறந்து, பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கையும் கையும் ஒரே மாதிரி தொங்கின.

"இதுக்கும் வந்துடுச்சா" என்றான்.

தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது. கேட்டது அவனுக்கும் தெரிந்துவிட்டது. உடனே கோணியை எடுத்துக் குனிந்து பருந்தை மூடித் தூக்கப் பார்த்தான். விரல்கள் கோணியைப் பற்றவில்லை. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை நிமிர்ந்து, "சாகப் போற பறவை. விடு" என்று சொல்லிவிட்டு மில்லுக்குள் போய் மோட்டாரைப் போட்டான். மணி ஏழேகால்தான் ஆகியிருந்தது.

அவள் கோணியால் பருந்தைப் போர்த்திக் கூடைக்குள் வைத்தாள். அவள் எதிர்பார்த்ததில் கால்வாசிகூடக் கனமில்லை. மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கூடையை ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் இருத்திக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு காட்டுப் பறவைக்காக ஏன் இவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. இது பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். இது செத்தால் அவன் பார்ப்பான்.

மாட்டு டாக்டரம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு கன்றுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தாள். மில்லுக்குத் தெரிந்தவள்தான்.

"என்னம்மா, தீவனக்காரங்க வீட்லேர்ந்து மாடு வரும்னு பார்த்தா பருந்து வருது?"

"கீழ விழுந்துடுச்சு டாக்டர். காலை விரிக்க மாட்டேங்குது."

டாக்டரம்மா தடித்த கையுறை மாட்டிக்கொண்டு பருந்தின் மார்பெலும்பைத் தடவினாள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கூடையில் கிடந்த பச்சைக் கழிச்சலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எக்ஸ்ரே அறைக்குத் தூக்கிப் போனாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, வெளியே கட்டியிருந்த எருமை மழையில் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டாள்.

விளக்கு போட்ட கண்ணாடியில் படம் மாட்டியிருந்தது. சாம்பல் நிறத்தில் பருந்தின் எலும்புக்கூடு. வயிறு இருக்கிற இடத்தில் வெள்ளை வெளேரென்று மூன்று பொட்டுகள்.

"என்னன்னு தெரியுதா?"

தெரிந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு.

"குண்டு. இதை யாரும் சுடல, இது மேல காயம் இல்ல" என்றாள் டாக்டரம்மா. "சுட்ட எலியைத் தின்னிருக்கு. எலி வயித்துல இருந்த குண்டு இது வயித்துக்கு வந்திருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, வருஷக்கணக்கா. ஈயம் ரத்தத்துல கலந்தா நரம்பைத்தான் பிடிக்கும். இறக்கை விழும், கால் மடங்கும், தீனி இறங்காது. வீட்ல எலி மருந்தே கிடையாதுன்னு உங்க வீட்டுக்காரர் பெருமையா சொல்வாரே!"

"பிழைக்குமா?"

"குண்டை எடுத்துட்டு மருந்து போடலாம். ஈயத்தை வெளிய இழுக்கிற ஊசி இருக்கு. முழுசாச் சரியாகுமான்னு சொல்ல முடியாது. ரொம்ப நாள் ஆயிடுச்சா, இல்லையாங்கிறதைப் பொறுத்தது."

அவள் தன் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டைத் தளர்த்தித் தொங்கவிட்டாள்.

"டாக்டர், மனுஷனுக்கு இப்படித் தொங்குமா?"

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தை.

"யாருக்கு?"

"வாயிலதான் வச்சுப்பாரு. குண்டை. தினமும். பேட்டரித் தகட்டைக் கதவைச் சாத்திக்கிட்டு உருக்குவாரு. வயிறு வலிக்கும். ஈறுல நீலமா ஒரு கோடு இருக்கு, பேனாவால இழுத்த மாதிரி. நான் மைன்னு நினைச்சேன். அவங்கப்பாவும் வாயிலதான்... தாத்தாவும்..." நீட்டிய கையை இறக்கினாள். "பரம்பரைன்னு சொன்னாங்க டாக்டர். ஆம்பளைங்களுக்கு மட்டும் வரும்னாங்க."

"சுட்டது யாரு?"

"ஆம்பளைங்க மட்டும்தான்."

எருமை ஒருமுறை கத்தியது.

"நான் மாட்டு டாக்டர்ம்மா" என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "மனுஷ உடம்பைப் பத்தி நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனா நாளைன்னு தள்ளாதீங்க. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தத்துல ஈயம் பார்க்கச் சொல்லுங்க. அவருக்கு மட்டுமில்ல, குழந்தைக்கும் உங்களுக்கும் சேர்த்து. ஒரே வீட்டுக் காத்துதானே?"

குழந்தைக்கும்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மழை முகத்தில் அறைந்தது. நாத்தனார் வீட்டு வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். மகள் கூடத்தில் முக்காலிமேல் உட்கார்ந்து, துடைப்பத்தைத் தோளில் சாய்த்து ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"வாயில என்ன?"

குழந்தை தலையை ஆட்டியது.

"வாயைத் திற! திறடீ!"

அவள் கத்திய கத்தலில் நாத்தனார் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அதற்குள் அவள் குழந்தையின் தாடையைப் பிடித்து விரலை விட்டுத் தோண்டினாள். குழந்தை வீறிட்டது. விரலோடு வெளியே வந்தது நான்கு சோள மணிகள். வெறும் மக்காச்சோளம்.

"அப்பா மாதிரி விளையாடினேன்" என்று குழந்தை தேம்பியது.

அவள் அந்த மணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாத்தனாருக்கு எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்லி முடிக்க மூன்று முறை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கேட்டு முடித்தபோது நாத்தனார் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, யாருடைய கைகளோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அப்பாவுக்கு டப்பாவிலேர்ந்து எடுத்து வாயில போடுவேன்" என்றாள். "கை தொங்கினதுக்கு அப்புறமும் கேட்டாரும்மா. சும்மா வாயில வச்சிருந்தா பழைய ஞாபகமா இருக்குன்னு. அது ஒண்ணைத்தான் அழாம கேட்பாரு. நானே எடுத்து வச்சேன்."

அவள் மில்லுக்குப் போனபோது மோட்டார் நின்றிருந்தது. அவன் முக்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியை முழங்காலில் வைத்து மடக்கப் போராடிக்கொண்டிருந்தான். தகரத்தின்மேல் மழை இரைந்தது. சுவர்மேல் கிளார்க்கு தனியாக, நனைந்துபோய், உள்ளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த முறை அவள் செருப்பைத் தேய்க்கவில்லை. நேராக எதிரில் போய் நின்றாள். அவனும் கையை மறைக்கவில்லை. இனி என்ன மறைப்பது?

"செத்துடுச்சா?" என்றான். வாயில் குண்டுகள் உருண்டன.

"இல்ல. அது வயித்துல மூணு குண்டு இருக்கு. நம்ம குண்டு. அதுதான் இறக்கையைத் தொங்கப் போட்டுடுச்சு. ஈயம்ங்க."

"பறவைக்கு ஒத்துக்காது போல."

"உங்க கைக்கும்தான் ஒத்துக்கல."

அவன் எழுந்தான். முகம் கறுத்தது. "அக்கா சொன்னாளா? இது வேற. இது எங்க குடும்பத்து வியாதி. அப்பாவுக்கு..."

"அப்பா வாயில என்ன வச்சிருந்தாரு?"

அவன் துப்பாக்கியை மூட்டைமேல் சாய்த்து வைத்தான்.

"தாத்தா வாயில என்ன வச்சிருந்தாரு? உங்கக்கா மூட்டை தூக்கறாங்களே, அவங்க வாயில என்னைக்காவது குண்டு இருந்துச்சா? உங்க அத்தை வாயில? ஆம்பளைங்களுக்கு வர்ற வியாதி இல்லைங்க இது. துப்பாக்கி பிடிச்சவங்களுக்கு வந்தது. உங்க ரத்தத்துல பொறந்தது இல்ல, வாய் வழியா போனது. போனதை வெளிய எடுக்க ஊசி இருக்காம்."

அவன் சுவரைப் பார்த்தான், கிளார்க்கைப் பார்த்தான். தாடை மட்டும் மெல்ல அசைந்தது, உள்ளே குண்டுகளை எண்ணுகிறவன் மாதிரி.

"அப்ப பாப்பாவுக்கு..."

"பாப்பாவுக்கும் பார்க்கணும். அவ இன்னைக்கு வாயில சோளத்தை அடக்கிக்கிட்டு எலி சுட்டுக்கிட்டிருந்தா."

அது அவனை அடித்துவிட்டது. முக்காலியில் திரும்ப உட்கார்ந்தான். அவள் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அவன் வாய்க்கு நேரே ஏந்தினாள்.

"துப்பாக்கியை விடச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதைக் கேக்கல. இதைத் துப்புங்க."

ஒவ்வொன்றாக விழுந்தன. ஐந்து. சூடாக, எச்சிலோடு. அவள் அவற்றைத் தகர டப்பாவில் போட்டு மூடி, கையைக் கழுவிவிட்டு வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாள் ஆயிடுச்சா இல்லையாங்கிறதைப் பொறுத்தது என்று டாக்டரம்மா சொன்னதை அவள் சொல்லவில்லை.

ஞாயிறு ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்று போனில் சொல்லிவிட்டதால், திங்கட்கிழமை விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மகளுக்கு ரிப்பன் கட்டி முடித்து, நாத்தனார் ரொட்டியும் அவித்த முட்டையும் டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜரம்மா ஒரு காலின் நகங்களைப் பாதி விரித்திருக்கிறாள், இன்னும் தீனி எடுக்கவில்லை என்று டாக்டரம்மா போனில் சொல்லியிருந்தாள். மில் பூட்டியிருந்தது. எட்டு மணிக்கு டம்ளர்கள் நடுங்காமல் இருந்தது வீட்டுக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

அவன் அறைக்குள் போய்ப் பத்து நிமிஷமாகிவிட்டது. கட்டிலின்மேல் அவள் ஒரு பனியனும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் எடுத்து வைத்திருந்தாள். எதைப் போடுங்கள் என்று சொல்லவில்லை. பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்றாள். நாத்தனார் கண்ணால், "போய்ப் பாரேன்" என்றாள். அவள் தலையை அசைத்து மறுத்தாள்.

உள்ளே துணி சரசரத்தது. நின்றது. மறுபடி சரசரத்தது. ஏதோ தரையில் விழுந்து உருண்டது, சீப்பாக இருக்கும். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே சுவர்மேல் கிளார்க்கு வந்து உட்கார்ந்தது, வெறும் சுவரைப் பார்த்தது, கிளம்பிப் போனது. அதன் நிழல் ஜன்னல் வழியே அறைக்குள் ஓடி, கதவிடுக்கில் அவள் கால்வரை வந்து போனது.

"டீச்சரே."

"ம்."

அவன் வாசலுக்கு வந்தான். வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தான். முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. அக்கா நிற்பதைப் பார்த்தான், மகள் நிற்பதைப் பார்த்தான், உள்ளே போய்விடவில்லை. தொங்குகிற கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, எட்டு வருஷத்தில் அவள் கேட்டிராத ஒரு குரலில் சொன்னான்:

"எனக்கு இந்தப் பொத்தானைப் போட்டு விடறியா?"